சிதிலம் என்று எழுது

"எழுத்துல குடுங்க மேடம்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. தலைமையாசிரியை குரலை உயர்த்தவில்லை. கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார். அது உருண்டு போய்க் கோப்புகளில் முட்டி நின்றது. இரண்டு பேருமே அந்தப் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன கேட்ட?"

"பத்தொன்பது புத்தகத்தை எடுக்கச் சொல்றீங்க. எடுக்கச் சொன்னதா எழுத்துல குடுங்க. எடுத்துடறேன்."

இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். பள்ளி நூலகர் வேலைக்கு ஒப்பந்தக் கடிதம் வந்த அன்றைக்கே சொன்னார். "லீவு கேளு, ஃபேன் கேளு, ஆடாத நாற்காலி கேளு. எவன்கிட்டயும் எழுத்துல குடுன்னு மட்டும் கேட்டுடாத." வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதும் மறக்காமல் சொல்வார். மூன்று வருஷம் கேட்டு நடந்தேன். நான்காவது வருஷம், ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நாக்கு முந்திக்கொண்டது.

நடந்தது இதுதான். ஒரு பெற்றோர் மகளின் பையைக் கவிழ்த்திருக்கிறார். பச்சை அட்டைப் புத்தகம் ஒன்று விழுந்திருக்கிறது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் தோழிமேல் வந்த காதலை டைரியாக எழுதிக்கொண்டு போகும் கதை. கட்டிப்பிடிப்பதுகூட அதில் கிடையாது. ஒரே குடையில் நடந்து போகிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பெற்றோர் நிர்வாகக் குழுவில் ஒருவருக்குப் போன் போட, அவர் தலைமையாசிரியைக்குப் போட, 'இந்த மாதிரி' இன்னும் என்னென்ன இருக்கிறது என்று யாரோ உட்கார்ந்து, அட்டையை மட்டும் பார்த்து, பட்டியல் போட்டுவிட்டார்கள்.

மொத்தம் பத்தொன்பது. சக்கர நாற்காலிப் பையன் ஒருவன், பாவம் நல்ல பிள்ளை என்று யாரும் சொல்ல முடியாதபடி, ஊரையே திட்டித் தீர்க்கும் கதை. சாக்கடை அள்ளுபவரின் மகள் தன் தெருவின் பேச்சிலேயே சொல்லும் கதை. அகதி முகாமில் பிறந்த இரட்டையர் கதை. இரண்டு அம்மாக்கள் வளர்க்கும் குழந்தையின் படக்கதை. மாதவிடாய் பற்றிய மெல்லிய புத்தகம். திக்குவாய்ப் பையன் கதையை ஏன் சேர்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அட்டையில் நாக்கை நீட்டிக்கொண்டிருப்பான், அதுவாக இருக்கலாம்.

எடுக்கச் சொன்னதில்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. எப்படி எடுக்க வேண்டும் என்று சொன்னாரே, அதில்தான் வந்தது.

"ஸ்டாக் ரிஜிஸ்டர்ல கடைசிக் கட்டத்துல 'சிதிலம்'னு எழுது. கையெழுத்துப் போடு. மூட்டையா கட்டி ஸ்டோர் ரூம்ல வெச்சுடு. நாலு மணிக்குக் குழு வர்றதுக்குள்ள முடிச்சுடு."

சிதிலம் என்பது எங்கள் தொழிலில் புத்தகத்தின் இறப்புச் சான்றிதழ். பூச்சி அரித்தது, தையல் விட்டது, மழையில் ஊறிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டது, இனி யாருக்கும் கொடுக்க முடியாது என்று நூலகர் கண்ணால் பார்த்து எழுதிக் கையெழுத்திட்டால், அன்றோடு அது பழைய காகிதம். இந்தப் பத்தொன்பதையும் பட்டியல் போட்டு வாங்கியவள் நான். முத்திரை குத்தியவள், பிளாஸ்டிக் உறை போட்டவள் நான். உயிரோடு இருப்பவற்றுக்கெல்லாம் நான் சாவு எழுத வேண்டும். எழுதச் சொன்னவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

அதனால்தான் கேட்டேன்.

"எழுத்துல வேணுமா?" என்றார் மறுபடியும்.

"ஆமா மேடம்."

"யோசிச்சுத்தான் கேக்கறியா?"

"ஆமா."

"சரிம்மா. எழுத்துலயே வரும். போ."

முட்டி நின்ற பேனாவை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

நூலகம் மாடியில், ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில். பதினொரு அலமாரி, நான்கு நீள மேசை, ஒரு சன்னல் சாத்தாது, ஒரு சன்னல் திறக்காது. நான் அங்கே போய் உட்கார்ந்து எதையும் செய்யவில்லை. ஏழாம் வகுப்பு வந்தது, சத்தம் போட்டது, போனது. பத்தே முக்காலுக்கு, அலுவலகத்தில் கோப்பு சுமக்கும் அக்கா மூச்சு வாங்க மேலே வந்தார்.

"இந்தா, இங்க ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ. என்னம்மா பண்ணி வெச்ச? மேடம் ரெண்டு தடவை டைப் அடிக்கச் சொல்லி ரெண்டு தடவை கிழிச்சாங்க. டைப் அடிக்கற பொண்ணு அழுதுடுச்சு."

கையெழுத்துப் போட்டு வாங்கிப் படித்தேன்.

'பார்வையில் காணும் புகாரின் அடிப்படையில், இணைப்பிலுள்ள பத்தொன்பது நூல்களை இதுவரை இரவல் பெற்ற மாணவ மாணவியரின் முழுப் பெயர், வகுப்பு ஆகிய விவரங்களை, இரவல் பதிவேட்டின் மூலப் பிரதியுடன், இன்று பிற்பகல் மூன்று மணிக்குள் தவறாது சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். சம்பந்தப்பட்ட பெற்றோருக்கு எழுத்து மூலம் தகவல் தெரிவிக்கும் பொருட்டு இவ்விவரம் கோரப்படுகிறது.'

புத்தகத்தை எடுப்பது பற்றி ஒரு வரி இல்லை.

இரண்டிரண்டு படியாக இறங்கினேன். கதவைத் தட்டினேனா என்றுகூட நினைவில்லை.

"மேடம், நான் கேட்டது இது இல்ல."

"நீ கேட்டது எழுத்து." அவர் நிமிரவில்லை. "வாயால சொன்னேன். வாயோட போயிருக்கும். பத்தொன்பது புத்தகம், ஒரு மூட்டை, முடிஞ்சுது. எழுத்துல எடுக்கச் சொன்னா, ஏன்னு காரணம் எழுதணும். காரணம் எழுதினா, யாருக்கு என்ன பாதிப்புன்னு கேப்பாங்க. பாதிப்புன்னா பேர் வேணும். உன்னை யாரு இதை ஃபைலாக்கச் சொன்னா?"

"பசங்க பேரை அப்பா அம்மாகிட்ட குடுத்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும் மேடம்."

"தெரியும்." இப்போதுதான் நிமிர்ந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவர் இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று தெரிந்தது. எனக்கு அதில் இரக்கம் வரவில்லை. "தெரிஞ்சுதான் காலையில வாயால சொன்னேன். எனக்கும் மேல ஆள் இருக்கும்மா. மூணு மணி. ஒரிஜினல் ரிஜிஸ்டர்."

மாடிப்படியில் திரும்ப ஏறினேன். பாதி வழியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தேன். அவர் கேட்கிற இரவல் பதிவேட்டில், எங்கள் இஷ்யூ ரிஜிஸ்டரில், ஒரு நிஜப் பெயரும் கிடையாது.

முதல் வருஷம் பெயர் இருந்தது. திக்குவாய்ப் பையன் கதையை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எடுத்துப் போனான். அவனுக்கும் திக்கும். அடுத்து எடுக்க வந்தவர்கள் ரிஜிஸ்டரில் அவன் பெயரைப் பார்த்து, வகுப்புக்குப் போய் அவன் பெயரைத் திக்கித் திக்கிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் அதோடு மாடிக்கு வருவதை விட்டுவிட்டான். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இனி யாரும் சொந்தப் பெயர் எழுத வேண்டாம். ஆளுக்கு ஒரு பட்டப்பெயர், தானே வைத்துக்கொள்வது. யார் என்ன என்பது என் தலைக்குள் மட்டும்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தவளை. ஏழரை. தூங்குமூஞ்சி. ஒன்பதாம் கிரகம். 'உங்கள் வருங்கால முதலாளி' என்று ஒருவன். கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்துக் கட்டத்துக்கும் அவன் பெயர் போகும். பச்சை அட்டைப் புத்தகத்துக்கான பக்கத்தில் ஒன்பது இடத்தில் ஒரே பெயர், அரைப்புள்ளி.

தலைமையாசிரியை பெற்றோருக்கு என்னவென்று எழுதுவார்? 'தங்கள் மகன் தவளை' என்றா? ரிஜிஸ்டரைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். நானே ஒரு டீ போட்டுக்கொண்டேன்.

டீ ஆறுவதற்குள் தமிழ் ஐயா வந்தார். முப்பது வருஷமாக இந்தப் பள்ளியில் விடைத்தாள் திருத்துகிறவர். சட்டைப் பையில் எப்போதும் சிவப்பு மை கசிந்திருக்கும். பிள்ளைகள் அவரை 'குண்டடி பட்டவர்' என்பார்கள். மேசைக்கு வராமல் வாசலிலேயே நின்றார்.

"மூணு மணிக்கு என்னையும் வரச் சொல்லியிருக்காங்கம்மா."

"உங்களை எதுக்கு ஐயா?"

"ரிஜிஸ்டர்ல பட்டப்பேர்தான் இருக்குன்னு மேடத்துக்குத் தெரியும். ஆனா எழுதறது பசங்க கையாலதானே?" அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஸ்கூல்ல எனக்குத் தெரியாத கையெழுத்து இல்ல. பேரே எழுதாத பேப்பரைக் குடுத்தாலும் யாருதுன்னு சொல்லுவேன். அதைப் பெருமையா நூறு தடவை ஸ்டாஃப் ரூம்ல சொல்லியிருக்கேன். என் வாயே எனக்கு வெச்ச ஆப்பு."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா."

"சொல்ல வராதும்மா. பொய் சொன்னா எனக்குக் காது சிவந்துடும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான், வியாதி மாதிரி." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேசைமேல் இருந்த ரிஜிஸ்டர் பக்கம் பார்க்காமல், வேண்டுமென்றே சுவரைப் பார்த்தார். "இப்ப எங்கிட்ட காட்டிடாத. பாத்தா தெரிஞ்சிடும். தெரிஞ்சா சொல்லிடுவேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

போய்விட்டார். நான் ரிஜிஸ்டரைத் திறந்தேன். என் கண்ணுக்கே தெரிந்தது. அரைப்புள்ளி தன் பெயரின் 'ப்பு'வை எழுதும்போது அதன் வாலை ஒரு சுற்று சுற்றிக் கீழ்க் கோட்டைத் தொட விடுவாள். ஒன்பது இடத்திலும் ஒன்பது வால். கைரேகையே பரவாயில்லை.

மதிய இடைவேளை மணி அடித்த மறு நிமிஷம் அவள் வந்து நின்றாள். பத்தாம் வகுப்பு. இழுத்துப் பின்னிய சடை, எப்போதும் ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்ட முகம். அதனால்தான் அந்தப் பெயரோ என்னவோ.

"மிஸ், லிஸ்ட் கேக்கறாங்களாமே. கீழ எல்லாரும் பேசிக்கறாங்க."

"யாரு பேசிக்கறாங்க?"

"தவளை அழுதுட்டிருக்கான் மிஸ். ஏழரை டாய்லெட்ல ஒளிஞ்சிருக்கா." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "என் பேர் போகுமா?"

திறந்திருந்த ரிஜிஸ்டரை மூடினேன். அவளுக்கு அதுவே பதில்.

"எங்க அக்காவை ஒன்பதாவதோட நிறுத்தினாங்க மிஸ். பையில ஒரு போன் நம்பர் எழுதின பேப்பர் இருந்துச்சுன்னு. அது டெய்லர் கடை நம்பர். யாரும் கேக்கல. எனக்குப் பத்தாவது முடியட்டும்னு அம்மா கெஞ்சி வாங்கி வெச்சிருக்காங்க. இன்னும் நாலு மாசம்தான்."

"லெட்டர்தானே போகும்? அப்பா படிப்பாரா?"

"அப்பாவுக்குப் படிக்க வராது. லோடு ஏத்தற வேலை. வீட்டுக்கு எந்த லெட்டர் வந்தாலும் நான்தான் படிச்சுக் காட்டணும்." கொஞ்சம் யோசித்தாள். "மாத்திப் படிச்சுடலாம்னு பாத்தேன் மிஸ். ஆனா மாடியில சித்தப்பா இருக்காரு. அப்பா எல்லாத்தையும் அவர்கிட்ட இன்னொரு தடவை குடுத்து சரி பாப்பாரு. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடுங்களேன் மிஸ்."

பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்த ரிஜிஸ்டர். ஒரு பக்கம் குறைந்தால் எந்தப் புத்தகத்துக்கான பக்கம் என்று குழந்தைகூடச் சொல்லும். அந்தப் புத்தகத்தைப் படித்தவர் யார் என்று ஒவ்வொரு வகுப்பாகக் கேட்டுக்கொண்டு போவார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை.

"சாப்பிட்டியா?"

"பசிக்கல." பிறகு, ரொம்பத் தயங்கி, "இன்னும் பன்னிரண்டு பக்கம் இருக்கு மிஸ். என்ன ஆச்சுன்னு சொல்லிடாதீங்க."

அவள் அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனதே இல்லை. இடைவேளையில் எடுப்பாள், கையெழுத்திடுவாள், படிப்பாள், மணி அடித்ததும் கொடுத்துவிட்டுப் போவாள். ஒன்பது இடைவேளை. அந்தக் கதையில் அவள் எதைத் தேடுகிறாள் என்று நான் கேட்டதில்லை. கேட்பது என் வேலை இல்லை. எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. பெற்றோர் கையில் சிக்கிய பிரதி தலைமையாசிரியை மேசைமேல் இருந்தது. இரண்டாவது பிரதி அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மூலை மேசையில் போய்க் குனிந்துகொண்டாள்.

நான் ஸ்டோர் ரூமுக்குள் போய் அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பா வண்டி கழுவும் கடையில் வேலை பார்க்கிறார். தண்ணீர் பீய்ச்சும் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"என்னடி இந்நேரத்துல?"

"அப்பா, கேட்டுட்டேன்."

"எதை?"

"எழுத்துல குடுங்கன்னு."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"உன்னைப் படிக்க வெச்சது இதுக்குத்தானா? எத்தனை தடவை சொன்னேன்? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! என் கதை தெரிஞ்சும் கேட்டியா?"

அவர் கதை எனக்குத் தெரியாமலா? எனக்கு எட்டு வயது. அப்பா அப்போது பஸ் டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் வாயாலேயே அவரை, பஸ்ஸுக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் எண்ணெய்க் குழிக்கு மாற்ற, அப்பா ரோஷமாக 'எழுத்துல குடுங்க சார்' என்றிருக்கிறார். மறுநாளே எழுத்து வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் நான். 'பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்' என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். பள்ளியில் 'விடுமுறை' என்ற சொல் எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, "அப்பா, உங்களுக்கு லீவு விட்டிருக்காங்க" என்றேன். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மாவும் அன்று வேலைக்குப் போகவில்லை. மூன்று பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். இரண்டு நாள் கழித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போனவரை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். அதைப் பற்றி அப்பா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

"மன்னிப்புக் கேளு," என்றார் போனில். "கேக்கறதைக் குடு. உன் பொழப்பைப் பாரு."

"கேக்கறது பசங்க பேருப்பா."

"என்ன எழுதியிருக்கான்? படி."

கடிதத்தை முழுக்கப் படித்தேன். 'பெற்றோருக்கு எழுத்து மூலம் தகவல்' என்ற இடம் வந்ததும் குறுக்கே பேசினார்.

"அப்பன் ஆத்தாளுக்கு லெட்டர் போடுவாங்களா?"

"ஆமா."

"அந்த அப்பன்ல என்னை மாதிரி எழுத்து வராதவன் இருந்தா?"

நான் கதவிடுக்கு வழியாக மூலை மேசையைப் பார்த்தேன். அவள் விரலை வரியின் கீழே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இருக்காருப்பா. பொண்ணுதான் படிச்சுச் சொல்லணும்."

 யாரோ "அண்ணே, வண்டி காயுது" என்று கூப்பிடுவது கேட்டது.

"எப்படியோ போ. வேலையை மட்டும் விட்டுடாத," என்றார். வைத்துவிட்டார்.

மணி அடித்தபோது அவளுக்கு இன்னும் நான்கு பக்கம் பாக்கி. விரலை உள்ளே வைத்தபடி புத்தகத்தை நீட்டினாள். "நாளைக்கு முடிச்சுடறேன் மிஸ்."

நாளைக்கு இந்த நாற்காலியில் நான் இருக்க மாட்டேன் என்று எனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது.

"எடுத்துட்டுப் போ. வீட்டுக்கு வேணாம். இங்கயே எங்கயாவது முடி."

"ரிஜிஸ்டர்ல எழுதணுமே?"

"வேணாம்."

"முடிச்சுட்டு யார்கிட்ட குடுக்க?"

"படிக்க வேண்டிய ஆள் யாருன்னு உனக்கே தெரியும். அவங்ககிட்ட குடு."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். புத்தகத்தைக் கணக்கு நோட்டுக்குள் செருகிக்கொண்டு ஓடினாள். நான்கு வருஷத்தில் பதிவு இல்லாமல் நான் கொடுத்த முதல் இரவல்.

மணி இரண்டு பத்து. பிற்பகல் வகுப்பு ஒன்றும் எனக்கு இல்லை. நூலகக் கதவை உள்ளே தாழிட்டேன். ஸ்டோர் ரூமில் தரை துடைக்கும் வாளி இருந்தது. முக்கால் வாளி தண்ணீர் பிடித்து ரிஜிஸ்டரை உள்ளே அமிழ்த்தினேன். ஐந்து நிமிஷம் பொறுத்து எடுத்துப் பார்த்தால், ஒரு எழுத்துகூடக் கரையவில்லை. பால்பாயிண்ட் மை. ஒன்பது வாலும் ஈரத்தில் இன்னும் பளிச்சென்று தெரிந்தன. நூலக அறிவியலில் பட்டம் வாங்கியவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். 

வெளியே யாரோ நடந்து வரும் சத்தம். கதவருகே நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு வாளிப் பக்கத்தில் குந்தியிருந்தேன். செருப்புச் சத்தம் ஆய்வுக்கூடத்துப் பக்கம் போனது.

அட்டையைப் பிய்த்தேன். துணி பைண்டிங், லேசில் விடவில்லை, நகம் பிளந்தது. பிறகு தாள்களைப் பிடிப்பிடியாகக் கிழித்தேன், நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. ஊறிய தாள் சத்தமே இல்லாமல் கிழியும். கிழித்ததைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்தேன். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பெட்ஷீட் கசக்குகிறவள். அந்தக் கை எனக்கும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். தவளை போனது, ஏழரை போனது, வருங்கால முதலாளி கட்டத்தைத் தாண்டிக்கொண்டே போனான். அரைப்புள்ளியை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து விரலிடுக்கில் தேய்த்தேன். எட்டுதான் கிடைத்தது. ஒன்பதாவதைத் தேடிக் கூழைத் துழாவினேன், துழாவினேன், மணி இரண்டே முக்கால். வாளியின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வால் மட்டும். எடுத்து வாயில் போட்டு மென்று துப்பினேன். வேறு வழி தோன்றவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டாக் ரிஜிஸ்டரைத் திறந்தேன். அவர்கள் பட்டியலில் இருந்த பத்தொன்பது புத்தகத்தின் கடைசிக் கட்டத்திலும் எழுதினேன், 'நல்ல நிலை'. பத்தொன்பது தடவை. ஒவ்வொன்றுக்கும் முழுக் கையெழுத்து, தேதி. நாளைக்கு என் நாற்காலிக்கு வருகிறவர் இதையெல்லாம் சிதிலம் ஆக்கலாம். ஆனால் என் எழுத்தை அடித்துவிட்டு, தன் பெயரைப் போட்டுத்தான் ஆக்க வேண்டும்.

பின்பக்கம் தளவாடப் பட்டியல். அதில் இரவல் பதிவேடு, எண் நான்கு என்று இருந்த வரியில் எழுதினேன். 'நிலை: சிதிலம். காரணம்: நூலகரே தன் கையால் ஊற வைத்து, கிழித்து, பிசைந்தார். நேரம்: 2.50.' கையெழுத்து.

என் குடை, டீ கிளாஸ், பட்டச் சான்றிதழின் நகல், தலைமையாசிரியையின் கடிதம் எல்லாவற்றையும் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். ஒரு கையில் வாளி, மறு கையில் ஸ்டாக் ரிஜிஸ்டர்.

தலைமையாசிரியை அறையில் தமிழ் ஐயா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மூடி கழற்றிய சிவப்புப் பேனா கையில். நான் வாளியை மேசைமேல் வைத்தேன். கொஞ்சம் தளும்பி, பச்சை அட்டைப் புத்தகத்துக்கு அருகில் சொட்டியது. புத்தகத்தை நகர்த்தி வைத்தேன்.

"என்ன இது?" என்றார் தலைமையாசிரியை.

"ஒரிஜினல் ரிஜிஸ்டர் மேடம். நீங்க கேட்டது."

அவர் எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறக் கூழ். ஐயாவும் எட்டிப் பார்த்தார். பேனாவின் மூடியை எடுத்து, டப்பென்று சத்தம் கேட்கிற மாதிரி மூடினார்.

"ஐயா, இதுல ஏதாவது தெரியுதா?" தலைமையாசிரியையின் குரல் நடுங்கியது.

"ஒண்ணுமே தெரியல மேடம்," என்றார் ஐயா. காது சிவக்கவில்லை.

ஸ்டாக் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினேன். பத்தொன்பது வரியையும் தலைமையாசிரியை விரல் வைத்துப் படித்தார். கடைசியில் தளவாடப் பக்கத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"உன் கையாலயே எழுதியிருக்கியே. இதை வெச்சு உன்னை என்ன வேணா செய்யலாம், தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"புத்தகம் தப்பிச்சிடும்னு நினைக்கறியா?"

"இல்ல."

"பட்டப்பேர் யார் யாருதுன்னு உனக்குத் தெரியும். நீ சொல்லு. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. உன் ஒப்பந்தத்தை நான் பாத்துக்கறேன்." கெஞ்சுகிறாரா மிரட்டுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. "நாலு மணிக்கு அவங்க வந்து உக்காந்தா நான் என்ன பதில் சொல்றது?"

"எழுத்துல கேளுங்க மேடம். சொல்ல மாட்டேன்னு எழுத்துலயே தர்றேன்."

ஐயா இருமினார். அல்லது சிரிப்பை இருமலாக்கினார்.

"நில்லு. எங்க போற? நான் இன்னும் போகச் சொல்லல."

புதிய இஷ்யூ ரிஜிஸ்டர் மூன்றாவது அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது, அடுத்து வருகிறவரிடம் சொல்லுங்கள் என்றேன். நூலகச் சாவியை வாளிப் பக்கத்தில் வைத்தேன். நகக்கண்ணில் காகிதக் கூழ் காய்ந்து இழுத்தது. நடைபாதையில் பத்தாம் வகுப்பைத் தாண்டும்போது தலையைத் திருப்பாமல் நடந்தேன். கேட்டைத் தாண்டினால் பஸ் நிறுத்தம், அங்கிருந்து நான்கு நிறுத்தத்தில் வண்டி கழுவும் கடை. அப்பாவுக்கு இதை வாயால்தான் சொல்ல வேண்டும்.